வந்தவர் எவருமில்லை

மருதி பொய் சொல்கிறாள் என்று கருவி சொல்லிவிட்டது.

கண்ணாடிக் கூண்டின் உச்சியில் இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. வேலி நிறுவனத்தின் வழக்கறிஞர் நிரஞ்சன் நிதானமாக எழுந்தார்.

"மருத்துவப் பதிவேட்டின்படி இந்த அம்மா பதினான்கு ஆண்டுகளாகப் பிள்ளை பெற்றதே இல்லை, ஐயா. இப்போது என்ன சொன்னார் என்பதை எல்லோரும் கேட்டோம்."

கேட்டிருந்தார்கள். மருதி கூண்டுக்குள் உட்கார்ந்து, மணிக்கட்டில் கருவியின் பட்டையைக் கட்டிக்கொண்டு, மூங்கில்பதியில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்லியிருந்தாள். "எனக்கு அந்தி நேரம் வலி வந்திருச்சு. தூளியில போட்டுத் தூக்கியாந்தாங்க. கேட்டு தெறக்கல. விடியக்காலம் எம்புள்ள அங்கயே பொறந்து, அழுகாமயே போயிருச்சு."

நீதிபதி திருஞானம் கடிந்து பேசுகிறவர் அல்ல. அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னது மருதிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நாளைக் காலை பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறேன் அம்மா. மறுபடியும் சிவப்பு வந்தால் விதிப்படி வழக்கு முடிந்துவிடும். இதே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு மூங்கில்பதியிலிருந்து யாரும் திரும்ப வர முடியாது. பொய்ச்சாட்சி சொன்னதாக உங்கள் மேலும் வழக்கு வரும். புரிகிறதா?"

"புரியுதுங்க சாமி" என்றாள் மருதி.

கருவிக்கு மெய்மானி என்று பெயர். எட்டு ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றங்களில் அது வைக்கப்பட்டபோது சனங்கள் சந்தோஷப்பட்டார்கள். விலைபோன சாட்சிகளால் சீரழிந்த குடும்பங்கள் எத்தனையோ. இனி ஏழையின் சொல்லுக்கும் பணக்காரனின் சொல்லுக்கும் ஒரே விளக்கு என்றார்கள். அதைச் செய்தவர்கள் நல்லதை நினைத்தே செய்தார்கள். நல்லதை நினைத்துச் செய்கிறவர்கள்கூட எல்லோரையும் நினைத்துப் பார்த்துச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

வேலியும் அப்படித்தான். மூங்கில்பதி மலைமேல் நாற்பத்தோரு வீடுகள் உள்ள சிற்றூர். கீழே இறங்க ஒரே பாதை. இருட்டில் யானையும் மனிதரும் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்று அந்தப் பாதையின் அடியில் மின்வேலியும் தானாக இயங்கும் கேட்டும் போட்டார்கள். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை, கையில் அடையாளப் பட்டை கட்டியவருக்கு மட்டும் அது திறக்கும். குடும்பத்துக்கு ஒரு பட்டை, குடும்பத் தலைவர் பெயரில். பதிவேட்டில் இருந்த நாற்பத்தோரு தலைவர்களும் ஆண்கள். புருஷனை இழந்த பொம்மியின் வீட்டில்கூட ஏழு வயது மகன்தான் தலைவன்.

மார்ச் ஒன்பதாம் தேதி ஆண்கள் எல்லோரும் மிளகு பறிக்க எஸ்டேட்டுக்குப் போயிருந்தார்கள். பொம்மியின் மகனும் அவர்களோடு ஒட்டிக்கொண்டான். பட்டைகளும் அவர்களோடு போயிருந்தன. அன்று மாலைதான் நிறைமாதமாக இருந்த நஞ்சிக்கு வலி கண்டது.

பட்டை இல்லாதவரை அந்தக் கேட் ஆளாக எண்ணுவதில்லை. அதன் பதிவேட்டில் அந்த நாளுக்கு எதிரே ஒரே வரி இருந்தது: 'மாலை ஆறு முதல் காலை ஆறு வரை வந்தவர் எவருமில்லை.' பிரசவம் வீட்டிலேயே நடந்தது, விடிந்த பிறகே புறப்பட்டார்கள் என்று நிறுவனம் சாதித்தது. ஆஸ்பத்திரிச் சீட்டிலோ, காலை எட்டு மணிக்குத் தாயும் உயிரில்லாத குழந்தையும் வந்து சேர்ந்ததாக மட்டுமே இருந்தது.

பெண்கள் சங்கத் தலைவி மருதி ஏழு மாதம் அலைந்தாள். தாலுகா ஆபீஸ், வன அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் என்று படியேறி, மனு எழுதக் கற்றுக்கொண்டு, கடைசியில் மலைவாழ் மக்களுக்கான சிறப்பு நீதிமன்றம் வரை வந்துவிட்டாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரவர் பெயரில் பட்டை வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஒரு வரி பொய் என்று யாராவது எழுத வேண்டும். இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

மருதி வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் நஞ்சி உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. மருதியைக் கண்டதும் எதுவும் கேட்காமல் கையை நீட்டினாள். மருதி அந்தக் கையைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூங்கில்பதியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதைப்பற்றித் தன் வாயால் பேச மாட்டாள். அந்த நேரத்தில் கூட இருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளாகவே நின்று, 'எனக்கு' என்றே அவளுக்கு நடந்ததைச் சொல்வார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்டு, ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும் வரை அப்படித்தான். நஞ்சியின் விஷயத்தில் கேட்க வேண்டியவர்கள் ஏழு மாதமாகக் கேட்கவில்லை. அதனால் அவளும் ஏழு மாதமாகப் பேசவில்லை.

"என்னவாம்?" என்றாள் ரங்கி. தூளியின் முன்கொம்பைத் தூக்கியவள் அவள். வாய் கொஞ்சம் நீளம்.

"நான் பொய் சொல்றேனாம். பதினாலு வருசமா நான் புள்ளையே பெக்கலையாம்."

"அந்தாளு வந்து எண்ணிப் பார்த்தாரா?" என்றாள் ரங்கி. பொம்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நஞ்சி சிரிக்கவில்லை. ஆனால் மருதியின் கையை லேசாக அழுத்தினாள்.

கேட் மூடுவதற்குள் மலைக்குப் போய்ச் சேர முடியாது என்பதால் அன்று நாலு பேரும் கோயில் சத்திரத்தில் தங்கினார்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் மருதி நீதிமன்றத்துக்கு வந்துவிட்டாள். கதவு திறந்திருந்தது. உள்ளே மெய்மானியை இயக்கும் பெண், ஜெயசீலி, கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பேசாமல் வேலை பார்க்கிறவள். மேசையில் ஒரு சின்னச் சிலுவையும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தாள். தன் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு கூண்டில் உட்கார்ந்தாள்.

"என் பெயர் ஜெயசீலி."

பச்சை விளக்கு எரிந்தது.

"நான் நல்லா இருக்கேன்."

சிவப்பு எரிந்தது. ஜெயசீலி நோட்டில் ஏதோ குறித்துவிட்டு எழுந்தாள். வாசலில் மருதி நிற்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"கருவி கெட்டுப் போச்சுங்களா அம்மணி?" என்றாள் மருதி. அவள் குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

"இல்லக்கா. சரியா வேலை செய்யுது. தினமும் காலையில ஒரு நெசமும் ஒரு பொய்யும் சொல்லிச் சோதிக்கணும். ரெண்டுக்கும் சரியா எரிஞ்சாத்தான் சாட்சியை உக்கார வைக்கலாம்."

"நல்லா இருக்கேங்கறதா பொய்?"

ஜெயசீலி சிரிக்கப் பார்த்தாள். "தினம் ஒரு புதுப் பொய்க்கு எங்க போறது? இது ஒண்ணுதான் மாறாத பொய். ரெண்டு வருசமா ஓட்டிட்டிருக்கேன்."

"ரெண்டு வருசத்துக்கு முன்னால என்ன?"

"எங்கக்கா போயிட்டா." சொல்லிவிட்டு ஜெயசீலி துடைத்த கூண்டையே திரும்பத் துடைத்தாள். "ஒரே வீட்டுலதான் இருந்தோம். விடுங்கக்கா. நீங்க ஏன் இவ்வளவு சீக்கிரம்?"

மருதி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த வேகவைத்த கிழங்கு. நேற்றையது என்றாலும் வாசனை போகவில்லை.

"சாப்புடுங்க. அப்புறம் ஒண்ணு சொல்லுங்க. நேத்து நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய்யில்ல. இது ஏன் என்னைப் பொய்க்காரின்னு சொல்லுச்சு?"

ஜெயசீலி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். "அது நடந்துச்சா நடக்கலையான்னு இந்த மிஷினுக்கு எப்படிக்கா தெரியும்? அது அங்க வந்து பார்த்துச்சா? நீங்க சொல்றத உங்க உடம்பு ஒத்துக்குதான்னு மட்டும்தான் பார்க்கும். நாடி, தொண்டை, உள்ளங்கை வேர்வை. வாய் ஒண்ணு சொல்லி உடம்பு ஒண்ணு சொன்னா சிவப்பு."

மருதி தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நேத்து கூண்டுக்குள்ள போறப்ப நஞ்சி கையை வாசல்லயே விட்டுட்டுப் போனேன்."

"விதி அப்படித்தானேக்கா. சாட்சி தனியாத்தான் உக்காரணும்."

"அப்ப இது சொன்னது சரிதானுங்க" என்றாள் மருதி மெதுவாக.

பத்து மணிக்கு நீதிபதி வந்தார். பெயர் கூப்பிட்டதும் மருதி கூண்டுப் பக்கம் போகாமல் நீதிபதியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நஞ்சியின் கையைப் பிடித்திருந்தாள். பின்னால் ரங்கியும் பொம்மியும்.

"சாமி, நேத்து இந்தக் கருவி சொன்னது நெசந்தானுங்க."

நிரஞ்சன் நிமிர்ந்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் இவ கையை விட்டுட்டுத் தனியாப் போய்ச் சொன்னேன். தனியாச் சொன்னா அது எம்புள்ள இல்லீங்க. இவ கையைப் பிடிச்சிருந்தாத்தான் அது எனக்கும் புள்ள. எங்க ஊருல இதைக் கையை விட்டுட்டு யாரும் சொல்ல மாட்டாங்க. விதிங்கறாங்களேன்னு நான் விட்டுட்டேன். தப்பு என்னோடது."

"பொய் சொன்னதைச் சாட்சியே ஒப்புக்கொள்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார் நிரஞ்சன்.

"இருங்க ஐயா, நான் முடிக்கல" என்றாள் மருதி. அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு ரங்கி முன்கொம்பு, நான் பின்கொம்பு, பொம்மி வெளக்கு. தூளிக்குள்ள நஞ்சி. நாலு பேருக்கு நடந்தது சாமி அது. ஒருத்தியைத் தனியாப் பெட்டிக்குள்ள வெச்சு, முழுசாச் சொல்லுன்னா எப்படிச் சொல்லுவா? தூளியை ஒத்தை ஆளாத் தூக்கச் சொல்ற மாதிரிங்க. எங்க நாலு பேரையும் ஒண்ணா உக்கார வைங்க. அப்பவும் செவப்பு எரிஞ்சா எங்களைப் பிடிச்சு உள்ள போடுங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

"நான்கு பேருமே கேட்க மாட்டீர்களா?" என்றார் நீதிபதி.

"ரங்கி கொஞ்சம் கேப்பா" என்றாள் மருதி. மன்றத்தில் எங்கோ ஒருவர் சிரித்து அடக்கிக்கொண்டார்.

நிரஞ்சன் மறுத்தார். ஒருவர் சொல்லிக் கொடுத்து இன்னொருவர் சொல்வது சாட்சியம் ஆகாது என்றார். தாய் பேசாமல் மற்றவர்கள் பேசுவது எந்த ஊர் நியாயம் என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு ஒப்படைத்த வேலையை ஒழுங்காகச் செய்தார்.

நீதிபதி ஜெயசீலியின் பக்கம் திரும்பினார். "முடியுமா அம்மா?"

இந்த ஒரு கேள்விக்கு 'வழக்கமில்லை ஐயா' என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடவுள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான் மனிதர்களுக்காகக் காத்திருக்கிறார். ஜெயசீலி எழுந்தாள். அவள் விரல் நுனிகளில் இன்னும் கிழங்கு வாசனை இருந்தது.

"இதுவரைக்கும் செஞ்சதில்லீங்க ஐயா. ஆனா அலமாரியில உபரியா மூணு பட்டை இருக்கு. கருவியால நாலு பேரைச் சேர்த்துப் படிக்க முடியும். கூண்டுக் கதவை மட்டும் திறந்து வைக்கணும், நாலு பேர் உள்ள கொள்ள மாட்டாங்க."

"திறந்து வையுங்கள்" என்றார் நீதிபதி.

ஜெயசீலி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பட்டையைக் கட்டினாள். நஞ்சியின் மணிக்கட்டு மிகவும் மெலிந்திருந்ததால் பட்டை நழுவியது. தன் கைக்குட்டையை மடித்து அடியில் வைத்துக் கட்டினாள். நாலு பேரும் கைகோத்துக்கொண்டார்கள். மருதி தொடங்கினாள்.

"எனக்கு அந்தி நேரம் வலி வந்திருச்சு."

"என்னைத் தூளியில போட்டாங்க" என்றாள் ரங்கி. அவள் குரலில் எப்போதும் இருக்கும் கிண்டல் இப்போது இல்லை. "பாறை வழுக்குச்சு. கீழ விட்டுருவாங்களோன்னு பயமா இருந்துச்சு. விடலை."

"கேட்டுக்கு வந்தப்ப மணி எட்டு இருக்கும்" என்றாள் பொம்மி. "நான் கூப்பிட்டேன். கேட்டு பேசுச்சு. நல்ல மரியாதையாத்தான் பேசுச்சு. தயவுசெய்து பட்டையைக் காட்டவும், தயவுசெய்து பட்டையைக் காட்டவும். நாப்பது தடவைக்கு மேல சொல்லியிருக்கும். திட்டியிருந்தாக்கூட அந்தப் பக்கம் ஒரு மனுசன் இருக்கான்னு நெனச்சிருப்பேன்."

"கம்பியில கையை வெக்க முடியாது, கரண்ட்டு" என்றாள் மருதி. "கேட்டுக்குப் பக்கத்துல ஒரு நெல்லி மரம். அதுக்கடியில கெடந்தேன். விடியக்காலம் எம்புள்ள பொறந்துச்சு. கண்ணு மூக்கு எல்லாம் அவங்கப்பன். மூச்சு மட்டும் வரல. ஆறு மணிக்குக் கேட்டு தானாத் தெறந்துச்சு. காலை வணக்கம்னு சொல்லுச்சு."

நஞ்சி கண்களை மூடி, கோத்த கைகளின் நடுவே உட்கார்ந்திருந்தாள்.

கூண்டின் உச்சியில் விளக்கு பச்சையாக எரிந்தது. கொஞ்சமும் நடுங்காமல், அவர்கள் தொடங்கியதிலிருந்து முடித்தது வரை எரிந்தது. ஜெயசீலி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாலு பட்டையும் பச்சைங்க ஐயா. நாலு நாடியும் ஒண்ணாப் போகுது. எது யாரோடதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல."

"அதுதான் என் ஆட்சேபணை" என்றார் நிரஞ்சன். "இதில் தாய் யார் என்று கருவிக்கே தெரியவில்லையே?"

"தாய் யார் என்று ஆஸ்பத்திரிச் சீட்டு சொல்கிறது, வழக்கறிஞரே. நாம் கருவியிடம் அதைக் கேட்கவில்லை. இவர்கள் வாசலுக்கு வந்தார்களா என்றுதான் கேட்டோம்." நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி மட்டும்தானா என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானம் உத்தரவு சொன்னார். பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரிலேயே பட்டை. ஆபத்து நேரத்தில் பட்டை இல்லாதவருக்கும் கேட் திறக்க வேண்டும். வேறு ஏதாவது உண்டா என்று மருதியைக் கேட்டார்.

"அங்க ஒரு மனுசக் குரல் வேணுங்க சாமி. தெறக்க முடியலைன்னாலும் பதில் சொல்ல ஒருத்தர்."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டின் பதிவேட்டைத் திருத்தும் வரிக்கு வந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார். "மார்ச் ஒன்பது. வந்தவர் எவருமில்லை என்ற பதிவு பொய்யென்று இந்த நீதிமன்றம் காண்கிறது. அதை நீக்கி, அன்று மாலை அந்த வாசலுக்கு நான்கு பேர் வந்தார்கள் என்று..."

"அஞ்சு பேருங்க."

மெல்லிய, பழகாத குரல். ஒரு கணம் யார் பேசியது என்றே யாருக்கும் தெரியவில்லை. மருதி திரும்பிப் பார்த்தாள். ஏழு மாதமாக யாராவது ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்த நஞ்சி, இப்போது இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நீதிபதியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி தலையசைத்து, எழுத்தரிடம் திரும்பினார். பிறகு, "ஐந்து பேர் வந்தார்கள்" என்று திருத்திச் சொன்னார். "எழுதுங்கள். ஐந்து பேர்."

உத்தரவின் நகல் மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். ஜெயசீலி நாலு பேரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ரங்கி சமையலறையைப் பிடித்துக்கொண்டு, உப்பு டப்பாவுக்கு ஏன் பூட்டு மாதிரி மூடி என்று திட்டினாள். சாப்பிட்ட பிறகு மருதி, "உங்கக்கா பேரென்ன அம்மணி?" என்று கேட்டாள். "எஸ்தர்" என்றாள் ஜெயசீலி. மருதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எஸ்தர் எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள், கடைசி மாதம் எப்படி இருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்ததும், ஜெயசீலியாகவே நின்று முதலிலிருந்து திருப்பிச் சொன்னாள். மற்ற மூவரும், "ஆமா, அப்படித்தான்" என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது.

காலையில் ஐந்து பேரும் சேர்ந்தே நீதிமன்றத்துக்கு வந்தார்கள். ஜெயசீலி கூண்டைத் துடைத்தாள். பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

"என் பெயர் ஜெயசீலி."

பச்சை.

"நான் நல்லா இருக்கேன்."

ஜெயசீலி நோட்டில் குறிக்கப் பேனாவை எடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கூண்டின் உச்சியைத் திரும்பப் பார்த்தாள். பச்சைதான் எரிந்தது.

"போச்சு" என்றாள் ரங்கி. "வந்த இடத்துல அம்மணியோட பொழப்பைக் கெடுத்துட்டோம்."

ஜெயசீலிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "பொய் இல்லாம கருவியைத் திறக்க முடியாதே. அக்கா, ஒரு பொய் சொல்லிக் குடுங்கக்கா."

மருதி யோசித்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் நஞ்சி எழுந்து கூண்டுக்குப் பக்கத்தில் வந்தாள். குனிந்து ஜெயசீலியின் காதில் ஏதோ சொன்னாள்.

ஜெயசீலி அவளையே பார்த்தாள். பிறகு நேராக உட்கார்ந்து, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்:

"மார்ச் ஒன்பதாம் தேதி, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, மூங்கில்பதி கேட்டுக்கு வந்தவர் எவருமில்லை."

சிவப்பு விளக்கு எரிந்தது.